எல்லையோரக் கம்பிகள் – 14: பிரேக் போடுவதும் எடுப்பதும்

திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமாக அஞ்சல் இருந்தது, தந்தி இருந்ததில்லை. நெய்யாற்றின்கரையைத் தாண்டித் தெற்கே கடிதப் பை சுமந்த அஞ்சலோட்டக்காரன் மகாராஜாவின் ஊழியன். கம்பியில் சேதி தட்டிய சிக்னலரோ இந்திய அரசின் தந்தி இலாகாக்காரர். ஒரே நாட்டில் ஓடிய இந்த இரட்டை ஆட்சி, 1951-ல் அஞ்சல் இந்தியத் தபால் இலாகாவோடு சேர்ந்தபோதுதான் முடிந்தது. அந்தத் தந்தி இலாகாவை ஆண்ட 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, அவசர நிலையில் ஒரு சேதியை அனுப்பாமல் நிறுத்தவும் மறித்து வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் கம்பிக்கென்று வேறொரு சட்டம் இருந்தது. மறுமுனையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மிகச் சாதாரண ஊழியன்கூட, அனுப்புகிறவரைப் பாதியில் மறித்து ‘நிறுத்து’ என்று சொல்ல அது வழி வைத்திருந்தது. அந்த வழிதான் பின்னாளில் கணினி உலகில் ‘பிரேக்’ சமிக்ஞை ஆயிற்று. தந்தியிலிருந்து டெலிபிரிண்டருக்கும், அங்கிருந்து யூனிக்ஸ் டெர்மினலுக்கும், கடைசியில் நம் பள்ளிக்கூடத்து லினக்ஸ் கணினிக்கும் அது வந்து சேர்ந்த கதையே இந்த இதழின் பொருள். கதையோடு ஒரு வழக்கும் உண்டு. பிரேக் ஓர் எழுத்து அல்ல, கம்பியின் நிலை. ஆகவே அந்த நிலையை ஏற்றுவதற்கு ஒன்றும் இறக்குவதற்கு ஒன்றுமாக இரண்டு அழைப்புகளைத் தந்த பெர்க்லி யூனிக்ஸ்காரர்களே விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். தரக்குழு பின்னர் ஏற்றுக்கொண்ட ஒற்றை அழைப்பு வசதியானது, ஆனால் குறைபட்டது. இதுவே என் கட்சி.

முதலில் கம்பியைப் பார்ப்போம். அமெரிக்கத் தந்தி லைன்களில் மூடிய சுற்று முறை இருந்தது. யாரும் பேசாத நேரத்திலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், சேதி அனுப்புவது என்பது அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு அறுப்பது. ஒரே கம்பியில் பல நிலையங்கள் தொடராக மாட்டியிருக்கும். அவற்றில் யார் தன் சாவியைத் திறந்தாலும் சுற்று முழுவதும் செத்துப்போகும். அனுப்புகிறவர் தன் கருவியும் வாயடைத்ததைக் கேட்டு, யாரோ மறிக்கிறார்கள் என்று உணர்ந்து நிறுத்துவார். இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கும் யோசனை கெட்டிக்காரத்தனமானது. சும்மா இருக்கும்போது மின்சாரம் ஓட வேண்டும் என்று வைத்துவிட்டால், கம்பி அறுந்துபோனால் அது தானாகவே தெரிந்துவிடும். சும்மா இருக்கும்போது மின்சாரம் இல்லை என்று வைத்தால், அறுந்த கம்பிக்கும் பேச ஆளில்லாத கம்பிக்கும் வித்தியாசமே தெரியாது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுகிற நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

டெலிபிரிண்டர் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டது. மின்சாரம் ஓடும் நிலைக்கு ‘மார்க்’, ஓடாத நிலைக்கு ‘ஸ்பேஸ்’ என்று பெயர். ஒவ்வோர் எழுத்தும் ஒரு ஸ்பேஸில் தொடங்கி, சில மார்க்கும் ஸ்பேஸும் கலந்து வந்து, கட்டாயம் மார்க்கில் முடியும். கம்பி அறுந்தால் முடிவில்லாத ஸ்பேஸ் வரும், அப்போது மறுமுனைக் கருவி அர்த்தமில்லாமல் கடகடக்கும். டெலக்ஸில் நீண்ட ஸ்பேஸ் என்றால் அழைப்பை அறுத்துவிடு என்றே பொருள். நம் பக்கத்தில் இந்தக் கருவிகள் வெளிநாட்டுப் பெட்டியில் மட்டும் வந்தவை அல்ல. 1960-ல் சென்னை கிண்டியில், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை ஆலை எழுந்தது. நாட்டின் தந்தி நிலையங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கடகடத்த டெலிபிரிண்டர்களில் பெரும்பங்கு அங்கே செய்தவை. மார்க்கையும் ஸ்பேஸையும் பற்றி யூனிக்ஸ் கையேடு எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது கிண்டி ஆலைத் தொழிலாளிக்கும் தெரிந்திருக்கும்.

கணினிக்கு முதன்முதல் சல்லிசாகக் கிடைத்த விசைப்பலகை டெலிடைப் 33. அதில் பிரேக் என்றே ஒரு விசை உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை லைன் ஸ்பேஸில் நிற்கும், விட்டால் மார்க்குக்குத் திரும்பும். கருவியின் வேகம் 110 பாட், ஓர் எழுத்துக்கு 11 பிட். அதாவது ஓர் எழுத்து போய்ச்சேரக் கிட்டத்தட்ட 100 மில்லி விநாடி. எந்த எழுத்தானாலும் அந்த 100 மில்லி விநாடிக்குள் ஒருமுறையாவது லைன் மார்க்குக்கு வந்தே ஆக வேண்டும். அதற்கும் நீண்ட ஸ்பேஸ் வந்தால் அது எழுத்தாக இருக்கவே முடியாது. சொல்லக்கூடிய எல்லாச் சேதிகளுக்கும் வெளியே நிற்கும் இந்த நிலையைத்தான் பிரேக் என்கிறோம். கண்ட்ரோல்-சி போன்ற நிறுத்த எழுத்துகளிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். கண்ட்ரோல்-சி ஓர் எழுத்து. கோப்புக்குள் தற்செயலாக அந்த எண் வந்துவிட்டால் அதுவும் ‘நிறுத்து’ என்றாகிவிடும். இரு பக்கமும் வேகம் ஒத்துப்போகாவிட்டால் அது வேறு ஏதோ எழுத்தாகத் திரிந்துபோகும். பிரேக்குக்கு இந்த இரண்டு நோயும் இல்லை. போதுமான நேரம் நீடித்தால் எந்த வேகத்தில் கேட்பவருக்கும் அது பிரேக்காகவே கேட்கும்.

யூனிக்ஸ் இந்தக் குணத்தை ஆரம்பத்திலேயே பயன்படுத்திக்கொண்டது, ஆனால் வாங்கும் பக்கத்தில் மட்டும். ‘கெட்டி’ என்ற சிறு நிரல் உள்நுழைவு வாசகத்தைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். வந்திருப்பவரின் டெர்மினல் என்ன வேகம் என்று அதற்குத் தெரியாது. திரையில் குப்பை தெரிந்தால் பயனர் பிரேக் விசையைத் தட்டுவார், கெட்டி அடுத்த வேகத்துக்கு மாறி வாசகத்தை மறுபடி காட்டும். எழுத்தே புரியாத இருவருக்கிடையே எழுத்தல்லாத ஒன்றால் மட்டும்தான் உடன்பாடு காண முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் யூனிக்ஸே இன்னொரு கணினியைத் தொலைபேசியில் அழைக்கும் காலம் வந்தபோது, பிரேக் தட்ட வேண்டியது யூனிக்ஸ் நிரலின் வேலை ஆயிற்று. 1979-ல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் யூயூசிபி என்ற கோப்புப் பரிமாற்ற நிரல் இருந்தது. அதற்குப் பிரேக் அனுப்பத் தெரிந்தாக வேண்டும், அனுப்பச் சொல்லி இயக்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்கவோ வழி இல்லை. எழுதியவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். லைனின் வேகத்தைத் தற்காலிகமாக 150 பாட்டுக்கு இறக்கி, பூஜ்ய எழுத்துகளை வரிசையாக அனுப்பி, மறுபடி பழைய வேகத்துக்கு ஏற்றினார்கள். 150 பாட்டில் ஒரு பூஜ்ய எழுத்தென்றால் 60 மில்லி விநாடி ஸ்பேஸ். 300 பாட்டிலோ 1200 பாட்டிலோ கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது ஓர் எழுத்தின் நீளத்தைத் தாண்டியது, ஆகவே பிரேக் மாதிரி. மாதிரிதான், பிரேக்கே அல்ல. ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் நடுவில் லைன் மார்க்குக்கு வந்துபோகும். இந்தியாவில் 1986-ல் தொடங்கிய எர்நெட் என்ற கணினி வலைத் திட்டத்தின் ஆரம்ப மின்னஞ்சல்கள் டயல்-அப்பில் ஓடியதும் இதே யூயூசிபி வழியாகத்தான். திட்டத்தில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று.

குறுக்கு வழி எதற்கு, வன்பொருளில் பிரேக் போட வசதி இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. பிடிபி-11 கணினியின் டிஎல்-11 பலகையில் அனுப்பும் பகுதியின் நிலை ரெஜிஸ்டரில் ஒரு பிட் பிரேக்குக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த 8250 சில்லில் லைன் கண்ட்ரோல் ரெஜிஸ்டரின் ஆறாம் பிட் அதே வேலைக்கு. இந்த வன்பொருள்களில் எதிலும் ‘கால் விநாடி பிரேக் அனுப்பு’ என்ற கட்டளை கிடையாது. பிட்டை ஏற்றினால் லைன் ஸ்பேஸுக்குப் போகும், இறக்கும் வரை அங்கேயே நிற்கும். எவ்வளவு நேரம் என்பது சில்லின் கவலை அல்ல. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் மதகின் ஷட்டரைப் போலத்தான் இந்தப் பிட்டும். ஏற்ற ஒரு கை, இறக்க ஒரு கை, நடுவில் எத்தனை நேரம் என்பது ஷட்டருக்கு வெளியே தீர்மானமாவது.

அப்படியானால் நிரலே அந்தப் பிட்டை எழுதிவிட்டுப் போகலாமே, கெர்னலை ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். டிஇசி நிறுவனத்தின் டிஇசட்-11 பலகை இதற்கு விடை சொல்கிறது. ஒரு பலகைக்கு எட்டு லைன். எட்டுக்கும் சேர்த்து ஒரே பிரேக் ரெஜிஸ்டர், லைனுக்கு ஒரு பிட். போதாக்குறைக்கு அந்த ரெஜிஸ்டரில் எழுதத்தான் முடியும், படிக்க முடியாது. மூன்றாம் லைனில் பிரேக் போட விரும்பும் நிரலுக்கு மற்ற ஏழு லைன்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாது. தெரியாமல் எழுதினால் யாரோ போட்டு வைத்த பிரேக்கை எடுத்துவிடும். ஆகவே பெர்க்லிக்காரர்கள் 1980 வாக்கில் டிஇசட் டிரைவரில் அந்த ரெஜிஸ்டரின் பிரதியொன்றைக் கெர்னலின் நினைவகத்தில் வைத்தார்கள். அதில் ஒரு பிட்டை மட்டும் மாற்றி, முழுவதையும் பலகைக்கு எழுதினார்கள். இதைக் கேட்க ஐ-ஆக்டல் என்ற சிஸ்டம் காலின் கீழ் இரண்டு கோரிக்கைகள் பிறந்தன. ஏற்ற டிஐஓசி-எஸ்-பிஆர்கே, இறக்க டிஐஓசி-சி-பிஆர்கே. கெர்னல் இங்கே காவல்காரன் மட்டுமே. எட்டுப் பேர் பகிரும் ஒரு பொருளை ஒருவர் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறது, நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமையை நிரலிடமே விட்டுவிடுகிறது. கெர்னல் செய்தே தீர வேண்டியதைச் செய்தது, அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. வேலைப் பங்கீடு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஏடி அண்ட் டி பக்கத்தில் வேறு விதமாக யோசித்தார்கள். அவர்களின் யூனிக்ஸ் பதிப்புகள் சிஸ்டம் III, பிறகு சிஸ்டம் V. அங்கே டிசி-எஸ்-பிஆர்கே என்ற ஒரே கோரிக்கை. அனுப்ப வேண்டியவை எல்லாம் போய்முடியும் வரை கெர்னல் காத்திருக்கும். கூடக் கொடுத்த எண் பூஜ்யமானால் கால் விநாடி பிரேக் போட்டு எடுக்கும். எண் பூஜ்யமல்லாவிட்டால் பிரேக்கே போகாது, காத்திருப்பது மட்டும் நடக்கும். பிரேக் என்ற பெயருள்ள அழைப்பு பாதி நேரம் பிரேக் அனுப்பாத வேடிக்கை இது, இன்றைய லினக்ஸிலும் அப்படியே இருக்கிறது. 1988-ல் போசிக்ஸ் தரம் வந்தபோது இரு முகாமுக்கும் நடுவே ஒரு சமரசம் தேவைப்பட்டது. டிசி-சென்ட்பிரேக் என்ற ஒற்றைச் செயற்கூறு வந்தது. நேர அளவு பூஜ்யமென்றால் குறைந்தது 0.25 விநாடி, அதிகம் போனால் 0.5 விநாடி. பூஜ்யமல்லாத எண் கொடுத்தால் எவ்வளவு நேரம் என்பது அந்தந்த இயக்குதளத்தின் விருப்பம். தரம் என்று பெயர் வைத்துக்கொண்டு, முக்கியமான அளவையே அவரவர் விருப்பத்துக்கு விட்டது எனக்கு ஒப்பவில்லை. விளைவும் அப்படித்தான். லினக்ஸில் அந்த எண் மில்லி விநாடியாகக் கொள்ளப்பட்டு நூறு நூறாக மேலே கூட்டப்படும். ஃப்ரீபிஎஸ்டி அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, எப்போதும் 0.4 விநாடிதான். ஒரே நிரல், ஒரே அழைப்பு, கம்பியில் போவது வேறு வேறு.

ஒற்றை அழைப்பின் பக்கம் பேச ஆள் இல்லாமல் இல்லை. அவர்கள் சொல்வதில் பலமானது இது: ஏற்றும் அழைப்பைச் செய்த நிரல், இறக்கும் அழைப்புக்கு முன் செத்துப்போனால் என்ன ஆகும்? லைன் ஸ்பேஸிலேயே தொங்கும், மறுமுனை ஊமையாகும். கெர்னலே போட்டு எடுத்தால் அந்த ஆபத்து இல்லை. நியாயமான கவலைதான், அதைத் தள்ளிவிட முடியாது. லினக்ஸில் டிசி-சென்ட்பிரேக் ஓடும் நடுவே நிரலுக்கு ஒரு சிக்னல் வந்தால், கெர்னல் தூக்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டாலும் பிரேக்கை எடுக்கத் தவறுவதில்லை. பிழை எண்ணோடு திரும்பி வரும், லைன் சுத்தமாக இருக்கும். ஆனால் மறுபக்கத்திலும் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 8250 வகைச் சில்லுகளுக்கான லினக்ஸ் டிரைவரில், ஒரு சீரியல் போர்ட்டைத் திறந்துவைத்திருக்கும் கடைசி நிரலும் மூடும்போது பிரேக் பிட் இறக்கப்படும். நிரல் செத்தால் கெர்னல் அதன் கோப்புகளை எல்லாம் மூடும், அதோடு பிரேக்கும் போகும். மிச்சமிருப்பது, வேறொரு நிரலும் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் அபூர்வமான நிலைமை ஒன்றே. அந்த அபூர்வத்துக்காக எல்லோரிடமிருந்தும் நேரக் கட்டுப்பாட்டைப் பறிப்பது அளவுக்கு மீறியது. இன்னொரு குறையையும் நானே ஒப்புக்கொள்கிறேன். பெர்க்லி அழைப்பு, வரிசையில் நிற்கும் எழுத்துகள் போய்ச்சேரக் காத்திருப்பதில்லை. அதற்கென்றே உள்ள டிசி-டிரெயினை முன்கூட்டி அழைக்காமல் பிரேக் போட்டால் பாதி வழியில் இருக்கும் எழுத்து சிதையும். இது கவனக் குறைவுக்குக் கிடைக்கும் தண்டனை. ஒரு வரி கூட எழுதினால் தீர்ந்தது.

இந்த வழக்கில் என்னைப் பொறுத்தவரை தீர்மானமான சான்று ஃப்ரீபிஎஸ்டியின் நூலகத்தில் இருக்கிறது. அங்கே டிசி-சென்ட்பிரேக் சிஸ்டம் காலே அல்ல. சாதாரணச் செயற்கூறு. உள்ளே மூன்றே படி: ஏற்றும் ஐ-ஆக்டல், 0.4 விநாடிக் காத்திருப்பு, இறக்கும் ஐ-ஆக்டல். இரண்டு அழைப்புகளைக் கொண்டு ஒற்றை அழைப்பை இப்படிக் கட்டிவிடலாம். ஒற்றை அழைப்பைக் கொண்டு இரண்டைக் கட்ட எந்த வழியும் இல்லை. இது வெறும் தர்க்கம் என்று நினைப்பவர்கள் மேடை விளக்குகளைப் பார்க்கட்டும். கோயில் திருவிழாவோ அரசியல் கூட்டமோ, இன்று மேடைகளில் நிறம் மாறும் விளக்குகளை ஆட்டிவைப்பது டிஎம்எக்ஸ்-512 என்ற சீரியல் முறை. வேகம் 250 கிலோபாட். ஒவ்வொரு கட்டளைத் தொகுப்பும் ஒரு பிரேக்கோடு தொடங்க வேண்டும், அந்தப் பிரேக்குக்குக் குறைந்தபட்ச நீளம் 92 மைக்ரோ விநாடி. முழுத் தொகுப்பில் 513 இடங்கள், இடத்துக்கு 44 மைக்ரோ விநாடி, ஆக மொத்தம் ஏறக்குறைய 23 மில்லி விநாடி. விநாடிக்கு 44 தொகுப்பு வரை அனுப்பலாம். இதையே டிசி-சென்ட்பிரேக்கால் செய்தால் ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் 250 மில்லி விநாடி போய்விடும். விநாடிக்கு நான்கு தொகுப்புகூடத் தேறாது, விளக்கு விக்கி விக்கி நிறம் மாறும். ஏற்று, நூறு மைக்ரோ விநாடி பொறு, இறக்கு என்று எழுதினால் வேலை நடக்கிறது. டெலிடைப் 33-ன் 100 மில்லி விநாடி எழுத்துக்குப் பொருந்திய கால் விநாடியை, 250 கிலோபாட் காலத்துக்கும் சட்டமாக வைத்திருப்பதன் விலை இது.

வாங்கும் பக்கத்துக்கு மறுபடி வருவோம், அங்கேதான் எதிர்க்கட்சியின் இரண்டாவது வாதம் இருக்கிறது. பிரேக் ஆபத்தானது, அதை எளிதாக்கக் கூடாது என்பார்கள். போசிக்ஸ் டெர்மினலில் வந்த பிரேக்கை என்ன செய்வது என்பது மூன்று கொடிகளால் தீரும். ஐஜிஎன்-பிஆர்கே இருந்தால் கண்டுகொள்ளாது. பிஆர்கே-இன்ட் இருந்தால் வரிசையில் கிடக்கும் எழுத்துகளைக் கொட்டிவிட்டு, முன்னணி நிரலுக்கு நிறுத்தச் சிக்னல் போகும். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு பூஜ்ய எழுத்தாகவோ, பிஏஆர்-எம்ஆர்கே இருந்தால் அடையாளமிட்ட மூன்று எழுத்துகளாகவோ நிரலிடம் வந்துசேரும். இதெல்லாம் சாது. சன் நிறுவனச் சர்வர்களின் சீரியல் கன்சோல் அப்படி இல்லை. அங்கே பிரேக் வந்தால் இயக்குதளமே நின்று, ‘ஓகே’ என்று ஒரு குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். கன்சோலாக மாட்டியிருந்த டெர்மினலை யாராவது அணைத்து ஏற்றினால் லைனில் எழும் அதிர்வு பிரேக்காகத் தெரிந்து, முழுச் சர்வரும் நின்றுவிடும். கடைசியில் சன் நிறுவனமே பிரேக்குக்குப் பதிலாக ஓர் எழுத்து வரிசையை வைத்துக்கொள்ள வழி செய்துகொடுத்தது. இதிலிருந்து பிரேக் மோசம் என்று முடிவு கட்டுவது தவறு. மோசமானது, நொடிப்பொழுது அதிர்வையும் உறுதியான உத்தரவாக எடுத்துக்கொண்ட முடிவு. லினக்ஸ் கன்சோலில் பிரேக் மட்டும் வந்தால் எதுவும் நடக்காது. அதற்குப் பின் ஐந்து விநாடிக்குள் ஒரு கட்டளை எழுத்தும் வந்தால்தான், கெர்னலுக்கு நேரே உத்தரவிடும் சிஸ்ஆர்க்யூ வசதி வேலை செய்யும். அதே சமிக்ஞை, அதே கம்பி, ஆனால் விபத்துக்கும் விருப்பத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்த வாங்குமுனை.

இதெல்லாம் செத்த காலத்துச் சங்கதி, சீரியல் போர்ட்டே போய்விட்டதே என்பவர்களுக்கு எல்லையோரத்திலேயே பதில் இருக்கிறது. 1984-ல் தொடங்கிய சி-டாட் வடிவமைத்த பெரிய தொலைபேசி நிலையங்களில் பராமரிப்புக்கென வைத்த ஐஓபி பெட்டி யூனிக்ஸில் ஓடியது. ஊழியர்கள் கட்டளை தட்டியது அதில் சீரியலாக மாட்டிய டெர்மினலில். 1990-களில் கணினி ஏறிய வங்கிக் கிளைகளிலும் மூலையில் ஒரு யூனிக்ஸ் சர்வர், கவுண்டர்தோறும் டெர்மினல். கேரளத்துப் பாறசாலை 0471, தமிழ்நாட்டுக் களியக்காவிளை 04651 என்று 1956-ன் மாநிலக் கோடு தொலைபேசி எண்ணிலும் விழுந்தது, ஆனால் கோட்டின் இரு புறத்துக் கருவிகளும் ஒரே மார்க், ஒரே ஸ்பேஸில்தான் பேசின. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. பிரேக் முடியவில்லை. 1997-ல் சீரியல் போர்ட்டை வலைவழி இயக்க எழுதிய ஆர்எஃப்சி 2217, பிரேக் ஏற்று என்றும் பிரேக் இறக்கு என்றும் தனித்தனிக் கட்டளை வைத்தது. 2006-ன் ஆர்எஃப்சி 4335 எஸ்எஸ்எச் வழியாகவும் பிரேக் அனுப்ப வகை செய்தது. அதில் மட்டும் நேர அளவோடு கூடிய ஒற்றைக் கட்டளை, 500 மில்லி விநாடிக்கும் 3000 மில்லி விநாடிக்கும் நடுவில். தூரத்து வலையில் ‘இறக்கு’ என்ற சேதி வழியில் தாமதமானால் என்ன செய்வது என்ற கவலை அங்கே உண்மையானது, ஆகவே அந்தத் தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். யூஎஸ்பி தரம் எழுதியவர்கள் இரண்டையும் ஒரே கோரிக்கையில் அடக்கினார்கள். எத்தனை மில்லி விநாடி என்று எண் தரலாம். மிகப் பெரிய எண்ணான 65535-ஐத் தந்தால் மறுபடி பூஜ்யம் அனுப்பும் வரை பிரேக் நீடிக்கும். வசதி வேண்டியவருக்கு வசதி, நிலை வேண்டியவருக்கு நிலை. 1988-ல் போசிக்ஸ் செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இந்தியச் சுதந்திர மென்பொருள் அமைப்பு 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பிறகு கேரளப் பள்ளிக் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் அதே லினக்ஸில்தான் பாடம் செய்கிறார்கள். மாணவர்களுக்கான லிட்டில் கைட்ஸ் திட்டத்தில் ஆர்டுயினோ பலகை கொண்ட ரோபோட்டிக் கிட்களும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் மலிவு ஆர்டுயினோ பலகைகள் பலவற்றில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றுவது சிஎச்-340 என்ற சில்லு. அந்தச் சில்லின் சில வகைகளுக்குப் பிரேக் போடவே தெரியாது. 2020-ல் லினக்ஸ் டிரைவரில் அதற்கு ஒரு மாற்று சேர்த்தார்கள்: லைனின் வேகத்தை இறக்கி, பூஜ்ய எழுத்து ஒன்றை அனுப்பி, பிரேக் மாதிரி காட்டுவது. நாற்பது ஆண்டுக்கு முன் ஏழாம் பதிப்பு யூயூசிபி செய்த அதே குறுக்கு வழி. அப்போது சில்லுக்குப் பிரேக் தெரிந்திருந்தது, கெர்னல் அழைப்பு இல்லை. இப்போது அழைப்பு இருக்கிறது, சில்லுக்குத் தெரியவில்லை. டிரைவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போகாமல் இந்த வேடத்தையாவது போடுவது நல்லதுதான். ஆனால் எத்தனை நேரம் பிரேக் நீடிக்க வேண்டும் என்று நிரல் சொல்வதை அந்தச் சில்லால் நிறைவேற்ற முடியாது. ஏற்றிய பின் இறக்கும் வரை லைன் ஸ்பேஸில் நிற்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கே முறிகிறது.

டிஐஓசி-எஸ்-பிஆர்கே, டிஐஓசி-சி-பிஆர்கே இரண்டும் லினக்ஸிலும் எல்லா பிஎஸ்டிகளிலும் மேக் கணினியிலும் இருக்கின்றன. விண்டோஸும் செட்-காம்-பிரேக், கிளியர்-காம்-பிரேக் என்று இரண்டாகவே வைத்திருக்கிறது. போசிக்ஸ் தரத்தில் இன்றுவரை டிசி-சென்ட்பிரேக் மட்டுமே. அடுத்த திருத்தத்திலாவது இந்த இரண்டு அழைப்புகளும் உள்ளே வர வேண்டும். சீரியல் லைனில் நிரல் எழுதுகிற வாசகர்கள் அதுவரை தரத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம்: முதலில் டிசி-டிரெயின், பிறகு ஏற்றும் அழைப்பு, உங்கள் கருவி கேட்கும் நேரம், பிறகு இறக்கும் அழைப்பு.